மொழிபெயர்க்காமல் விடப்பட்ட பெயர்கள்



சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், துணியில் சுற்றிய பழைய குறிப்பேடு ஒன்றை மதரஸாவுக்குக் கொண்டு வந்தார். அவருடைய மாமனார் அந்தக் காலத்தில் ஊரில் வைத்தியம் பார்த்தவர். அவர் தம் கைப்பட அரபுத்தமிழில் எழுதிய ஏடு அது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அம்முறையைத் தடையின்றி வாசிப்போர் இன்று ஓர் ஊரில் இருவர் மூவர் இருந்தாலே அதிகம். “ஹஜ்ரத், வயித்து வலிக்கு ஒரு கஷாயம் இதுல இருக்குன்னு மாமா சொல்லுவாங்க. அதை மட்டும் தமிழ்ல எழுதிக் கொடுங்க” என்றார்.

அந்தப் பக்கத்தில் ஐந்து சரக்குகள் இருந்தன. சுக்கும் சோம்பும் எளிதில் விளங்கின. பாபூனஜ் என்பது சீமைச்சாமந்திப் பூ, அதுவும் தெரிந்ததே. அக்கரகாரம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் அதே பெயரில் கிடைக்கிறது. ஐந்தாவதாக இருந்தது ‘பிரன்ஜாஸிஃப்’. அச்சொல்லை நான் ஒருபோதும் கேட்டதில்லை. பழைய அகராதி ஒன்றைப் புரட்டினேன். அதில் கண்டபடி ‘மாசிபத்திரி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்து சரக்குக்கும் தமிழ்ப் பெயர் எழுதி முடித்ததில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது, அதை மறைப்பானேன்?

பத்து நாள் கழித்து அதே தாளுடன் அவர் திரும்பி வந்தார். கஷாயம் அவருக்கல்ல, அவருடைய பேத்திக்கு. அந்தப் பெண் மூன்று மாதக் கர்ப்பிணி. நல்லவேளையாக, காய்ச்சுவதற்கு முன்பு தமக்குத் தெரிந்த யூனானி மருத்துவர் ஒருவரிடம் தாளைக் காட்டியிருக்கிறார். மருத்துவர் இரண்டு செய்திகள் சொல்லி அனுப்பியிருந்தார். பிரன்ஜாஸிஃப் என்ற பெயரில் இன்று யூனானி மருந்தாளர்கள் தருவது மாசிபத்திரி அன்று, வேறொரு செடி. எதுவாயினும் கருவுற்ற பெண்ணுக்கு அதைக் கொடுக்கலாகாது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருந்தது: “தெரியாத பெயரை அப்படியே விட்டிருக்கலாமே, எழுதிக் கொடுத்தவர் ஏன் விடவில்லை?”

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வெட்கம் இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். அதன் பிறகு சில மாதங்கள் அந்த ஒரு பெயரின் பின்னாலேயே அலைந்தேன். அந்த அலைச்சலில் கண்ட வரலாறுதான் இக்கட்டுரை.

இன்று யூனானியில் பிரன்ஜாஸிஃப் எனப்படும் செடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால் ‘யாரோ’ என்று வரும். பெயர் தெரியாத ஒரு மனிதரைக் குறிக்க நாம் சொல்லும் அதே சொல்! நம் ஊரில் அது விளைவதில்லை. ஆகவே தமிழில் அதற்கென ஒரு பெயர் பிறக்க வாய்ப்பும் இல்லை. காஷ்மீரிலும் மேற்கு இமயத்தின் சரிவுகளிலும் அது தானே முளைக்கிறது. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வழியோரப் புல்லோடு புல்லாக வளரும்; தோட்டங்களில் மஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்பு நிறங்களில் அழகுக்காகவும் வளர்ப்பர். முழங்கால் உயரத் தண்டு. அதன் உச்சியில் சின்னஞ்சிறு பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒரு தட்டுப்போல் நெருங்கி நிற்கும். இலையோ, இலை என்று சொல்ல முடியாதபடி இழை இழையாகப் பிளந்து, பறவை இறகுபோல் இருக்கும்.

நமக்கு அந்நியமான செடி என்றாலும் அதன் உறவினரை நாம் நன்கறிவோம். பூக்கடையில் விற்கும் சாமந்தி அதன் குடும்பம். மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மருக்கொழுந்து அதே குடும்பம். சீமைச்சாமந்தி, மாசிபத்திரி, அக்கரகாரம், யூனானியில் அஃப்ஸந்தீன் எனப்படும் கசப்புச் செடி ஆகிய யாவும் ஒரு கிளையில் வந்தவை. கசப்பும் நறுமணமும் ஒன்றாக இருப்பது இக்குடும்பத்தின் அடையாளம். ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருங்கியவை ஆதலால் இவற்றின் பெயர்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

முதலில் கிரேக்கர்கள். அவர்கள் இச்செடியை அகிலியஸ் என்னும் வீரனோடு இணைத்தார்கள். திரோய் போரில் காயம்பட்டோருக்கு அவன் இதை வைத்துக் கட்டினான் என்பது அவர்களின் புராணக் கதை. கதையை நாம் கதையாகவே வைப்போம். ஆனால் அதன் அடியில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. வாளாலும் ஈட்டியாலும் போர் நடந்த காலத்தில் குருதியை நிறுத்தும் இலை எதுவோ அதுவே படைவீரனின் இலை. கிரேக்க மொழியிலேயே இதற்குப் ‘படைவீரன்’ என்று பொருள்படும் பெயரும், ‘ஆயிர இலை’ என்று பொருள்படும் பெயரும் உண்டு. இலத்தீனில் ‘மில்லெஃபோலியம்’ என்றதும் அதே ஆயிர இலைதான். இன்றைய அரபியில் ‘அல்ஃப் வரகா’ என்பதும் அதுவே. பிரெஞ்சுக்காரர்கள் ‘தச்சர் பூண்டு’ என்றனர். உளி பட்டுக் கை கிழிந்தால் தச்சனுக்கு அது வேண்டியிருந்தது. யாரோ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் பழைய ஆங்கிலத்திலிருந்து வருவது; அதன் மூலப் பொருள் என்ன என்பதில் மொழியறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கிழக்கே வந்தால் பெயர்கள் மென்மையாகின்றன. துருக்கியர் இதை ‘ஜிவான் பெர்ச்செமி’ என்பர். இளைஞனின் முன்னெற்றிக் கூந்தல் என்று பொருள். பாரசீகத்தில் ‘பூமாதரான்’. அப்பெயரைப் பிரித்துப் படித்தால் ‘தாய்மாரின் மணம்’ என்றாகிறது. ஒரே செடியில் ஒருவர் போர்க்களத்தைக் கண்டார், ஒருவர் தச்சுப்பட்டறையைக் கண்டார், மற்றொருவர் தாயின் மடியைக் கண்டார்.

அரபுப் பாலைவனத்தில் இதன் இனத்தைச் சேர்ந்த, மணம் மிகுந்த வேறொரு செடி உண்டு. அதன் பெயர் ‘கைஸூம்’. மாசிபத்திரியின் உறவான ‘ஷீஹ்’ என்னும் செடியும் அங்கே அதனோடு வளரும். ஒருவரைக் கலப்பற்ற பாலைவன அரபி என்று குறிக்க வேண்டுமானால், ‘அவர் ஷீஹும் கைஸூமும் மெல்லுபவர்’ என்று பண்டைய அரபியர் கூறுவார்கள். நகரத்து உணவை அறியாதவர், ஆகவே அவரது நாவும் மொழியும் தூய்மையானவை என்பது கருத்து. ஹிஜ்ரி இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் அஸ்மயீ போன்ற பஸராவின் மொழியறிஞர்கள் இத்தகைய பாலைவனவாசிகளைத் தேடிச் சென்று, செடி ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதினர். ஹிஜ்ரி 282இல் மறைந்த அபூ ஹனீஃபா அத்தீனவரீ தாவரங்களைப் பற்றித் தனிப் பெரும் நூலே எழுதினார். (பெயரைக் கண்டு நம் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு.) செடியின் பெயரை அவர்கள் தேடியது முதலில் மருந்துக்காக அன்று, குர்ஆனும் பழங்கவிதைகளும் வழங்கும் மொழியைச் சரியாகப் புரிந்துகொள்வதற்காக.

மருந்துக்காகப் பெயரைத் தேடிய கதை பக்தாதில் தொடங்குகிறது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்பகுதியில் பிறந்த தியாஸ்குரீதூஸ் என்ற கிரேக்க மருத்துவர், மருந்துப் பொருட்களைப் பற்றி ஐந்து பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். மேலே சொன்ன ‘படைவீரன்’ செடியும் அதில் இருக்கிறது. அதன் இலையைப் பறவைக்குஞ்சின் இறகோடு அவர் ஒப்பிடுகிறார். அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் காலத்தில் (கி.பி. 847–861) அந்நூலை இஸ்திஃபான் இப்னு பஸீல் என்பவர் கிரேக்கத்திலிருந்து அரபிக்குப் பெயர்த்தார். மொழிபெயர்ப்பாளர்களின் தலைவராக விளங்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதைச் சரிபார்த்து ஏற்றார். இருவரும் கிறிஸ்தவர்கள், கலீஃபாவின் ஆதரவில் பணிபுரிந்தவர்கள்.

இஸ்திஃபான் செய்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எந்தச் செடிக்கு அரபியில் உள்ள பெயரை அவர் அறிந்திருந்தாரோ அதற்கு அப்பெயரை எழுதினார். எதற்கு அறியவில்லையோ அதைக் கிரேக்கப் பெயரிலேயே, அரபு எழுத்தில், அப்படியே விட்டுவிட்டார். தமக்குப் பின் அதை அறிந்த ஒருவரை அல்லாஹ் அனுப்புவான் என்ற நம்பிக்கையில் விட்டார் என்று, அவருக்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய அந்தலூஸியா மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் விளக்குகிறார். அதற்கு அவர் காட்டும் காரணமும் கவனிக்கத்தக்கது: பெயர் என்பது ஒவ்வொரு நாட்டு மக்களும் தமக்குள் ஒப்புக்கொண்டு வழங்குவது. ஆகவே ஒருவர் எவ்வளவு கற்றவராயினும், தாம் வாழாத நாட்டின் செடிப் பெயரைச் சிந்தித்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டே அறிய வேண்டும்.

அரண்மனையில் பணிபுரியும் ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இது எளிதான செயலன்று. ஊதியம் கொடுப்பவர் முழு மொழிபெயர்ப்பை எதிர்பார்ப்பார். ஒரு பெயரை ஊகித்து எழுதினால் தட்டிக் கேட்கப் பக்தாதில் யார் இருந்தார்? கிரேக்கம் அறிந்தவர் சிலர். கிரேக்க மலைகளில் விளையும் செடியைக் கண்டவர் அவர்களிலும் சிலர். ஒரு மூதாட்டி முன்னிலையில் ஒரு சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. அவரோ கலீஃபாவின் நூலில் அத்தனை சொற்களை விட்டிருக்கிறார்.

அறிந்த பெயர்கள் என்று அம்மொழிபெயர்ப்பில் எழுதப்பட்டவையும் எப்போதும் நேர்கோட்டில் அமைந்துவிடவில்லை. ‘அப்ரோதனோன்’ என்ற கிரேக்கச் செடிக்கு ‘கைஸூம்’ என்று எழுதப்பட்டது. கிரேக்கச் செடி மாசிபத்திரி இனம். பாலைவனத்துக் கைஸூமோ பெரும்பாலும் யாரோ இனம். இரண்டுக்கும் மணம் ஒத்திருந்தது, பயனும் ஓரளவு ஒத்திருந்தது. அவ்வாறே ‘ஆர்த்தெமீஸியா’ என்ற கிரேக்கச் செடிக்குப் பாரசீகத்திலிருந்து வந்த ‘பிரன்ஜாஸிஃப்’ என்ற பெயர் இணையாயிற்று. ஆம், அந்த மூதாட்டியின் ஏட்டில் இருந்த அதே பெயர்! ஆர்த்தெமீஸியா என்பது மாசிபத்திரியின் இனம். ஆகவே என் அகராதி சொன்னது பொய்யன்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உண்மை. அந்த உண்மை வழியில் எங்கோ இடம் மாறியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இஸ்திஃபான் எதிர்பார்த்த ‘பின்னால் வருபவர்’ கிழக்கில் வரவில்லை, மேற்கில் வந்தார். ஹிஜ்ரி 337 (கி.பி. 948) அளவில் பைஸாந்தியப் பேரரசர், குர்துபாவின் ஆட்சியாளர் மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அனுப்பிய அன்பளிப்புகளில் தியாஸ்குரீதூஸின் கிரேக்க நூல் ஒன்றும் இருந்தது. செடிகளின் வண்ண ஓவியங்கள் நிறைந்த பிரதி. அதனோடு வந்த மடலில், கிரேக்கமும் தெரிந்து மருந்துச் சரக்குகளும் தெரிந்த ஒருவர் இல்லாமல் இந்நூலால் பயனில்லை என்று எழுதியிருந்தது. குர்துபாவில் இலத்தீன் தெரிந்த கிறிஸ்தவர்கள் இருந்தனர். பழைய கிரேக்கம் தெரிந்தவர் எவரும் இலர். நூல் கருவூலத்தில் அப்படியே இருந்தது. கலீஃபா ஆள் அனுப்பும்படி கேட்க, ஹிஜ்ரி 340இல் நிக்கோலஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார்.

அதன் பின் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூத மருத்துவர், கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த கிறிஸ்தவத் துறவி, சிசிலியிலிருந்து வந்து கிரேக்கம் பேசத் தெரிந்த ஒருவர், குர்துபாவின் முஸ்லிம் மருத்துவர்கள் சிலர் ஆகியோர் ஒன்று கூடினர். அவர்களுள் ஒருவருக்கு ‘அஷ்ஷஜ்ஜார்’, அதாவது செடி மரங்களை அறிந்தவர், என்றே பட்டப்பெயர். ஏட்டில் உள்ள கிரேக்கப் பெயரை ஒருவர் வாசிப்பார், ஓவியத்தைப் பார்ப்பர், குர்துபாவைச் சுற்றி விளையும் செடியோடு ஒப்பிடுவர். பக்தாதில் விடப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இறுதியில் ஏறத்தாழ பத்துச் சரக்குகளே தெரியாமல் எஞ்சின, அவையும் பெரிய முக்கியத்துவம் இல்லாதவை என்று இப்னு ஜுல்ஜுல் பதிவு செய்திருக்கிறார். அந்த அறிஞர்களைத் தம் இளவயதில் நேரில் கண்டவர் அவர். ஹிஜ்ரி 372இல் அப்பெயர்களுக்கு விளக்க நூலும் எழுதினார். பத்து எஞ்சியது என்று எழுதினாரே, அதை மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அதே நூற்றாண்டின் இறுதியில் கிழக்கே குவாரஸ்மில் ஓர் இளைஞர் இருந்தார். ரோமானியர் ஒருவர் அவ்வூருக்கு வந்து தங்கியிருந்தபோது, அவ்விளைஞர் தானியம், விதை, கனி, செடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப்போய், ‘உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்டு எழுதிவைப்பாராம். அவர்தான் அபூ ரைஹான் அல்பீரூனீ. முதுமையில் மருந்துச் சரக்குகளைப் பற்றி அவர் எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’வில் ஒவ்வொரு சரக்குக்கும் அரபி, கிரேக்கம், சுரியானி, பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பல மொழிப் பெயர்களைத் தருகிறார். அந்நூலின் முன்னுரையில் அவர் ஒரு குறையைச் சொல்கிறார். அரபி ஓதிக்கொடுக்கும் எவரும் அதைப் படித்துச் சிரிக்கவும் செய்வர், பெருமூச்சும் விடுவர். நம் எழுத்துகளில் பல, புள்ளியால் மட்டுமே வேறுபடுகின்றன. எழுதுவோர் புள்ளியில் அலட்சியம் காட்டுகின்றனர். அதனால் பெயர்கள் உருக்குலைகின்றன. இக்குறை மட்டும் இல்லாவிட்டால் தியாஸ்குரீதூஸின் நூலில் உள்ள கிரேக்கப் பெயர்களே நமக்குப் போதுமாக இருந்திருக்கும். இப்போதோ அவற்றை நம்ப முடியவில்லை என்கிறார்.

மதரஸாவில் முதலாண்டு மாணவனுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது இதுதானே? ஒரு பல், அதன் கீழே ஒரு புள்ளி இட்டால் பா. மேலே ஒன்று இட்டால் நூன். மேலே இரண்டு இட்டால் தா. மூன்று இட்டால் ஸா. கீழே இரண்டு இட்டால் யா. எந்தப் பொருளும் தெரியாத அந்நிய மொழிப் பெயரில் ஒரு புள்ளி நகர்ந்தால் திருத்துவதற்கு வழியே இல்லை. அரபுச் சொல்லாயின் வாக்கியத்தின் பொருள் கைகொடுக்கும். கிரேக்கச் செடிப் பெயருக்கு எது கைகொடுக்கும்? பிரன்ஜாஸிஃப் என்ற சொல்லே சில ஏடுகளில் ரா-வுக்குப் பதில் லாமுடன் ‘பலன்ஜாஸிஃப்’ என்றும் இருக்கிறது. நம் அரபுத்தமிழிலோ தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் இன்னும் கூட்டப்பட்டுள்ளன. பூச்சி அரித்த ஓர் ஏட்டில் எது புள்ளி, எது துளை என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்தவன் நான். அல்பீரூனீயின் பெருமூச்சு எனக்குப் புரிகிறது.

அந்தலூஸியாவின் மாலகாவில் பிறந்து, வட ஆப்பிரிக்கா வழியே நடந்து, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார் இவ்வரிசையில் மிகப் பெரியவர். அவருடைய ‘ஜாமிஃ’ ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களை அகர வரிசையில் விவரிக்கிறது. டமாஸ்கஸின் புறவெளிகளுக்கு அவரோடு சென்று செடிகளைக் கண்ட மாணவர் இப்னு அபீ உஸைபிஆ. முதலில் கிரேக்கப் பெயர், பிறகு தியாஸ்குரீதூஸ் சொன்ன அடையாளம், பிறகு ஜாலீனூஸ் என்னும் கேலன் சொன்னது, பிறகு பிற்காலத்தவரின் கருத்து வேறுபாடு, அவர்கள் தவறிய இடம் என்ற ஒழுங்கில் ஆசிரியர் கூறுவார் என்று அவர் எழுதுகிறார். ஒரு ஹதீஸை அறிவிப்பாளர் வரிசையோடு சொல்வதைப்போல!

சீமைச்சாமந்தியின் கதை அத்தகைய கருத்து வேறுபாடுகளில் ஒன்று. மஞ்சள் நடுவும் வெள்ளை இதழும் கொண்ட பூக்கள் இக்குடும்பத்தில் பல. பாபூனஜ் என்பது பாரசீகச் சொல்லின் அரபு வடிவம். கிரேக்கர் அதன் ஒரு வகையைத் ‘தரை ஆப்பிள்’ என்றனர், ஆப்பிளின் மணம் இருப்பதால். ஸ்பானியர் இன்றும் ‘குட்டி ஆப்பிள்’ என்கின்றனர். இதைப்போன்றே தோன்றும் இன்னொன்று ‘உக்ஹுவான்’. அரபுக் கவிஞர்கள் அழகியரின் பல்வரிசைக்கு உவமையாக்கியது உக்ஹுவானின் இதழ்களையே. மருத்துவர்கள் அதைக் கிரேக்கரின் ‘பார்த்தெனியோன்’ என்ற செடியோடு இணைத்தனர். அந்தப் பார்த்தெனியோன் என்ற பெயர் பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்தின் வேறொரு செடிக்குச் சூட்டப்பட்டது. அச்செடி 1950களில் இறக்குமதித் தானியத்தோடு இந்தியாவுக்கு வந்து, இன்று நம் வயல்வரப்பெங்கும் நிற்கும் பார்த்தீனியம். கை பட்டால் அரிக்கும் அந்தக் களைக்கு, கவிஞர்கள் போற்றிய பூவின் கிரேக்கப் பெயர்!

அக்கரகாரத்தின் பயணம் இதைவிட நேரானது, நமக்கு நெருக்கமானதும்கூட. அல்ஜீரியா, மொராக்கோ மலைகளில் விளையும் வேர் அது. வாயிலிட்டு மென்றால் நாக்கு விறுவிறுத்து மரத்துப்போகும். பல் வலிக்கு வைப்பர். அரபியில் ‘ஆகிர்கர்ஹா’. அதற்கும் மூலம் அறமேய மொழி என்பர். அச்சொல்லே சரக்கு வணிகத்தோடு கடல் கடந்து வந்து தமிழில் அக்கரகாரம் ஆயிற்று. கடைக்காரரும் சித்த வைத்தியரும் அதைத் தமிழாகவே கருதி வழங்குகின்றனர். கிரேக்கர் இதே வேரைப் ‘பைரெத்ரோன்’ என்றனர், நெருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அந்தப் பெயர் பின்னர் பூச்சிகளைக் கொல்லும் ஒரு வெள்ளைச் சாமந்திக்கு இடம் மாறியது. மாலையில் நாம் ஏற்றும் கொசுவர்த்தியின் உறையில் அச்சிடப்படும் ‘-த்ரின்’ என்று முடியும் மருந்துப் பெயர்களில் அந்த நெருப்புச் சொல் இன்னும் இருக்கிறது.

பிரன்ஜாஸிஃபுக்கு வருவோம். பழைய நூல்களில் மாசிபத்திரி இனத்தைக் குறித்த அப்பெயர், இந்திய யூனானி மரபில் யாரோ செடியைக் குறிப்பதாக மாறியுள்ளது. எவரும் திட்டமிட்டுச் செய்த மாற்றமாகத் தெரியவில்லை. காய்ந்து நொறுங்கிய நிலையில் மூட்டையில் வரும்போது இரண்டும் கசக்கும், இரண்டும் மணக்கும். இறகு போன்ற இலைத் துணுக்கைக் கண்டு இதுதான் அதுவென்று ஒருவர் எடுத்துக்கொண்டால், அவரிடம் வாங்கியவர் அப்படியே சொல்வார். வேதியியலார் அறிந்த ஒரு செய்தி இங்கே சுவையானது. யாரோ பூவையும், சீமைச்சாமந்திப் பூவையும், அஃப்ஸந்தீனையும் நீராவியில் வடித்தால் கிடைக்கும் எண்ணெய் நீல நிறம் கொள்ளும். செடியில் நீலம் இல்லை; வெப்பம் படும்போது பிறக்கும் பொருளால் வருவது அது. தோற்றத்தில் வேறான இச்செடிகளின் உறவை அந்த நீலம் காட்டுகிறது.

ஆயினும் உறவு என்பது ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று ஆகாது. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ, கி.பி. நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில் ‘ச்சிங்ஹாவ்’ என்ற மாசிபத்திரி இனச் செடியைக் கண்டு அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைய தாவரவியலார் ச்சிங்ஹாவ் என்று பெயரிட்டிருந்த செடியில் அம்மருந்துப் பொருள் இல்லை. வேறு பெயரில் குறிக்கப்பட்ட அதன் உடன்பிறப்பில்தான் இருக்கிறது. பெயரை மட்டும் நம்பியிருந்தால் மருந்து கிடைத்திராது.

1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டியபோது, யாரோவுக்கு ‘அகில்லியா மில்லெஃபோலியம்’ என்று எழுதினார்: புராண வீரன் ஒரு பாதி, ஆயிர இலை மறு பாதி. உலகெங்கும் தாவரவியலாருக்கு இன்று அது ஒரே பெயர். ஆனால் எழுபது எண்பது ஆண்டுக்கு முன் நம் கடற்கரையூரில் அரபுத்தமிழில் எழுதிய ஒரு வைத்தியர், லின்னேயஸின் பெயரை எழுதிவைக்கவில்லை. அவர் பழைய நூல்களைப் படித்து எழுதினாரா, தாம் வாங்கிய மூட்டையைப் பார்த்து எழுதினாரா? முன்னதாயின் அவர் சொன்னது மாசிபத்திரி இனம், பின்னதாயின் யாரோ. ஏட்டின் மற்றப் பக்கங்களில் அச்சொல் மேலும் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டிலும் அடையாளம் எதுவும் சொல்லப்படவில்லை.

ஆதம் (அலை) அவர்களுக்கு எல்லாவற்றின் பெயர்களும் கற்பிக்கப்பட்ட நிகழ்ச்சியை அல்பகரா அத்தியாயத்தில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். தங்களுக்குக் கற்பிக்கப்பட்டதையன்றி வேறு எதையும் அறியோம் என்று மலக்குகள் சொன்னது அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. ‘லா அத்ரீ’, எனக்குத் தெரியாது, என்று சொல்ல இமாம் மாலிக் (ரஹ்) தயங்கியதில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஃபத்வா கேட்டு வருவோரிடம் அதைச் சொல்ல எனக்கும் தயக்கம் இருந்ததில்லை. செடிப் பெயர் என்றதும் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

அந்த மூதாட்டியிடம் ஏட்டை மறுபடி கேட்டு வாங்கி, முழுவதையும் தமிழில் படியெடுத்து வருகிறேன். பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ், இருவரும் நலம். வயிற்று வலிக் கஷாயப் பக்கத்தை மறுபடியும் எழுதினேன். மேலே, யூனானி மருத்துவரைக் கேளாமல் காய்ச்ச வேண்டாம் என்று சிவப்பு மையில் ஒரு வரி. சுக்கு, சோம்பு, சீமைச்சாமந்திப் பூ, அக்கரகாரம். ஐந்தாவது வரியில் பிரன்ஜாஸிஃப் என்று அரபு எழுத்தில் புள்ளிகள் தெளிவாக வைத்து எழுதி, எதிரே தமிழுக்குரிய இடத்தை விட்டிருக்கிறேன்.